என் பெயரில் அவள் வரைந்த படங்கள்

துணிக்குப் போடும் நீலத்தைச் சோற்றுக்கஞ்சியில் கரைக்கும்போது எழுகிற அந்தப் புளித்த வாடை, எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தது. கோதுமை மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த துணியைச் சிமெண்டுத் தரையில் விரித்து, அதன் நடுவே முழங்கால் குத்தி உட்கார்ந்து, என் வகுப்புத் தோழி பரமேஸ்வரி தேங்காய் நாரால் கட்டிய தூரிகையைக்கொண்டு இத்தாலி நாட்டு வானத்தைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் அப்போது பதினொரு வயது.

மலாய் நாட்டில், லூனாஸ் என்ற ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை நாங்கள் 'கித்தா' என்போம்; வரிசை வீடுகளை 'லயம்' என்போம்; பேச்சில் உரிமையோடு 'லா' சேர்ப்போம். என் அப்பா தோட்ட அலுவலகத்தில் 'கிராணி', அதாவது எழுத்தர். கித்தா மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் 'பால்மரம் வெட்டு' வேலை பரமுவின் அம்மாவுக்கு. பரமுவுக்கு அப்பா இல்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் இரண்டாவது சொல்லிலேயே குரல் உள்ளே போய்விடும். ஆனால் கரித்துண்டு கையில் கிடைத்தால் லயத்துச் சுவரில் ஆடும் மாடும் அண்டை வீட்டுக்காரரும் உயிரோடு எழுந்து நிற்பார்கள்.

அந்த ஆண்டு பள்ளிகளுக்கான நாடகப் போட்டிக்கு எங்கள் தமிழ் டீச்சர் ஒரு நாடகம் எழுதினார். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில், ஓவியக் கூடங்கள் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், ரோசா என்ற சிறுமி கூடம் பெருக்குகிறவளாக உள்ளே நுழைந்து, வண்ணம் அரைப்பதையும் கோடு இழுப்பதையும் பார்த்துப் பார்த்துக் கற்று, கடைசியில் ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு தாயையும் பிள்ளையையும் தீட்டிக் கொடுக்கிறாள். "இதைத் தீட்டியது யார்?" என்று ஊர்ப் பெரியவர் கேட்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நான்தான்!" என்கிறாள். குரல் கணீரென்று இருந்ததால் ரோசா வேடம் எனக்குக் கிடைத்தது. திரைச்சீலையையும், ரோசா தீட்டியதாகக் காட்டவேண்டிய அந்தப் படத்தையும் வரைகிற வேலை பரமுவுக்கு.

பலகையில் அவள் தீட்டிய தாய்க்கு இத்தாலிக்காரியின் முகம் இல்லை. தலையில் துண்டு கட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, மடியில் தூங்கும் பிள்ளையைப் பார்க்கக்கூட அலுப்பாக இருப்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளக்காரி மாதிரி இல்லியே பரமு" என்றார் டீச்சர்.

"எனக்கு எங்கம்மாவத்தான் டீச்சர் தெரியும்" என்றாள் பரமு.

பக்கத்து நகரமான கூலிமில் நடந்த போட்டியில் எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு முடிந்ததும் நடுவர்களில் ஒருவரான மலாய் அதிகாரி மேடைக்குப் பின்னால் வந்து, அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு ரோசாவின் நீண்ட பாவாடையை இன்னும் கழற்றாமல் நின்ற என்னைப் பார்த்து, "சியாப்பா லூக்கிஸ்?" என்றார். யார் வரைந்தது என்று கேட்கிறார். அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே கேள்விக்கு மேடையில் பதில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருந்தேன். அந்த வெறி அடங்காத வாய், "சாயா" என்றது. நான்தான்.

நாடகம் எது, நடப்பது எது என்று தெரியாத வயதில்லை அது. ஐந்தடி தள்ளித் திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பரமு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றை முடிச்சுப் போடத் தொடங்கினாள்.

ஒரு மாதம் கழித்து, கூலிமில் சனிக்கிழமைதோறும் ஓராண்டுக்கு நடக்கும் ஓவிய வகுப்பில் மாலதி என்ற என் பெயருக்கு இடம் கொடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. எனக்கு ஒரு வாழைப்பழம்கூட வரைய வராது. டீச்சரின் மேசைமுன் நின்று அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர், என் அப்பா, பரமுவின் அம்மா மூவரையும் டீச்சர் கூட்டிப் பேசினார்.

"இப்ப போயி மாத்திச் சொன்னா, தோட்டத்துப் பள்ளிக்கூடம் பொய் சொல்லிப் பரிசு வாங்குச்சின்னு ஆயிரும்" என்றார் தலைமையாசிரியர். "பரமுவே போவட்டும். பேரு மட்டும் மாலதின்னு இருந்துட்டுப் போவட்டும்."

பரமுவின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரு பேருல போனா என்னாங்க ஐயா, புள்ள கத்துக்கிட்டா சரி."

அப்படித்தான் பரமேஸ்வரி ஓராண்டு முழுக்கச் சனிக்கிழமைகளில் மாலதியாக இருந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த சீன ஆசிரியர் அவளை மாலதி என்று கூப்பிட்டார்; அவள் "யெஸ் சார்" என்றாள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் பெயரை எழுதினாள். ஒருநாள் லயத்துக் குழாயடியில் என் அம்மா "ஏய் மாலதி!" என்று கத்தியபோது, நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். எல்லாரும் சிரித்தார்கள். பரமுவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆண்டு முடிவில் சிறந்த மாணவிக்கான 'சிஜில்' வந்தது. அந்தச் சான்றிதழில் என் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினார். "பேரு நம்ம புள்ள பேருதான" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சிறுபிள்ளைத் தவறு என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் பதினைந்தாவது வயதில், கலைப் பிரிவு உள்ள வெளியூர்ப் பள்ளி ஒன்றுக்குப் பரமு விண்ணப்பம் போட நினைத்தாள். முன்பு ஓவியம் கற்றதற்குச் சான்று கேட்டார்கள். அவள் தனியாகக் கூலிமுக்குப் போய் அந்தச் சீன ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டவில்லை. பெயரின் சொந்தக்காரியைக் கூட்டிக்கொண்டு வா, அவள் வாயால் சொல்லட்டும், நான் எழுதித் தருகிறேன் என்றாராம்.

"சனிக்கிழம காலைல பஸ் ஸ்டாப்புக்கு வந்துரு லா மாலதி" என்றாள் பரமு. "சார்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்." அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

வருகிறேன் என்றேன். ஆனால் அதே மாதம் விடுதிப் பள்ளி ஒன்றுக்கு என் பெயரை அனுப்பிய அப்பா, அந்தச் சான்றிதழின் நகலையும் சேர்த்து வைத்திருந்தார். உண்மை வெளியே வந்தால் என் இடம் போய்விடும் என்று பயந்தேன். சனிக்கிழமை காலை காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஏன் வரவில்லை என்று பரமு என்னைக் கேட்கவே இல்லை. எனக்கு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பரமுவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் அம்மாவோடு மரம் வெட்டப் போனாள்; பிறகு தோட்டம் விற்கப்பட்டபோது அவர்கள் பாலிங் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சுங்கைப் பட்டாணியில் குடும்பம், வேலை என்று முப்பது ஆண்டுகளுக்குமேல் ஓடிவிட்டன. போன ஆண்டு பழைய மாணவர் ஒருவர் மூலம் அவள் எண் கிடைத்து, பாலிங்குக்குப் போனேன். கணவரோடு மூன்று ஏக்கர் கித்தாக் காட்டை அவள் பார்த்துக்கொள்கிறாள். முன்னறைச் சுவர் முழுக்கப் பலகைப் படங்கள்: மரத்தடியில் குனிந்த பெண்கள், மழைக்கு முந்திய வெளிச்சம், கித்தாப் பால் நிறைந்த காண்டாவாளியைத் தோளில் சுமந்து ஏறுகிற ஒரு கிழவர். எந்த மூலையிலும் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"கை அந்த மூலைக்குப் போனாலே ஒம் பேருதான் வருது. அதான் விட்டுட்டேன்" என்றாள், தேநீரை ஆற்றியபடியே.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். காய்ச்சல் இல்லை என்றேன்.

"தெரியும் லா" என்றாள். "மூணு பஸ்ஸ விட்டேன். அப்பறம் மழ வந்துருச்சி, வீட்டுக்குப் போயிட்டேன்." தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா அந்த ஒரு வருஷந்தான் எனக்கு யாராச்சும் ஒக்கார வச்சி சொல்லிக் குடுத்தாங்க. அத நான் மறக்கல" என்றாள். மன்னிப்பு என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

திரும்பும் வழியில் லூனாஸுக்குப் போய்ப் பார்த்தேன். தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். பள்ளிக்கூடம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. என் பெயரைத் தாங்கிய அந்தப் படங்கள் எங்கே போயின என்று சொல்ல அந்தச் சீன ஆசிரியரும் இன்று இல்லை. செம்மண் சாலை நாலு தடச் சாலையாகியிருந்தது. பஸ் நிற்கும் இடம் எதுவாக இருந்திருக்கும் என்று காரை ஓரம் நிறுத்திவிட்டு இப்படியும் அப்படியும் நடந்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் எங்கே நின்றிருப்பாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.