எந்த மொழியில் திட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டவர்

மனநலக் கவுன்சிலிங் தரும் விமலா காலமாகிவிட்டாராம். மாரடைப்பு...

நான் நம்பவில்லை. ஃபேஸ்புக்கில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதுவார்கள். அவர் வீட்டுக்கே போன் செய்தேன். அழுகைச் சத்தம் கேட்டது.

இங்கே ஓசூரில், என் மகன் வேலை செய்யும் கம்பெனி கிளினிக்குக்கு வாரம் ஒரு நாள் வருவார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன பிறகு சிறுநீர் அடங்குவதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில், போட்டோவுக்கு மேடையில் நின்றபோது என் பட்டுப்புடவை நனைந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அதோடு வெளியே போவதை நிறுத்திவிட்டேன்.

மருமகள்தான் வற்புறுத்தி விமலாவிடம் அழைத்துப் போனாள். எனக்குப் பைத்தியம் என்று எழுதி வாங்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன்.

"ஏதாவது தைலம் விற்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லீங்கம்மா, பேச்சு மட்டும்தான். அதுவும் நீங்கதான் பேசணும்."

மண்டபத்தில் நடந்ததைச் சொன்னதும், "பக்கத்து வீட்டம்மாவுக்கு இப்படி ஆகியிருந்தா என்ன சொல்வீங்க?" என்றார்.

"ஒன்றும் சொல்ல மாட்டேன். பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்."

"அப்போ உங்களையும் கொஞ்சம் பார்க்காத மாதிரி விட்டுடுங்கம்மா."

வாய் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வாரம், உங்களை நீங்களே எந்த பாஷையில் திட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். கான்வென்டில் படித்தவள் நான்... ஆங்கிலத்தில்தான். 'டிஸ்கிரேஸ்ஃபுல்' என்று.

"வீட்ல தெலுங்கு தானே? அதுல திட்டிப் பாருங்க."

முயன்றேன். திட்டு வரவில்லை. சின்ன வயதில் பாயை நனைத்த காலையில் அம்மா சொன்ன சொல்தான் வந்தது. "போனீலே"... போகட்டும் விடு.

"இது தந்திரம்" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஆமாங்கம்மா, தந்திரமேதான்" என்று சிரித்தார்.

தன்னிடம் தானே கருணை காட்டுவது என்பதையெல்லாம் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. சோம்பேறிகளுக்குச் சாக்காகிவிடும் என்றே தோன்றுகிறது. அவரிடமும் சொல்லியிருக்கிறேன். கோபப்பட்டதில்லை.

பாகலூர் ரோட்டில் வீடாம். கூட்டம் இருக்கும்.

"கார் சொல்றேன் அத்தே, மாலையைப் போட்டுட்டு உடனே திரும்பிடலாம்" என்கிறாள் மருமகள்.

வேண்டாம், எடுக்கிற வரைக்கும் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. புடவை கட்டியாயிற்று.

வருகிறேன், விமலா.