விடாத விரல்

எங்கள் பட்டறையில் அவளுக்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகளுக்கு அவள்தான் புரோகிராம் எழுதுவாள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து போர்டுகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்வேன். கருவிக்குள் இருக்கும் சிப் சும்மா இருக்கும் நேரத்தில் பேட்டரியைக் குடிக்கக் கூடாது, தூங்க வேண்டும். எவ்வளவு ஆழமாகத் தூங்க வைக்க முடியுமோ அவ்வளவு ஆழமாகத் தூங்க வைப்பாள். வெளியிலிருந்து ஒரு சைகை வந்தால் மட்டும் அது கண் விழித்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். மீட்டரைப் பார்த்துவிட்டு, "நல்லா குறட்டை விடுது" என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி இருக்கும்.

அவளைப் படிக்க வைத்தது அவளுடைய அண்ணன். பஸ் டிரைவர். விடியற்காலை முதல் வண்டி எப்போதும் அவருடையதுதான். ஐம்பத்தாறு வயதில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் சத்தம் எழும்பவில்லை. ஊரெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போன மனுஷர், பக்கத்து அறையில் இருக்கும் மனைவியைக் கூப்பிட முடியாமல் படுத்திருந்தார்.

அவருக்காகத்தான் சிக்கனம் அந்த அழைப்பு பட்டனைச் செய்தாள். தீப்பெட்டி அளவு டப்பா, நடுவில் ஒரு பட்டன், உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. கட்டில் சட்டத்தில் இடது கைக்கு எட்டும்படி கட்டிவிட்டாள். அமுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும். ஒரே பேட்டரியில் இரண்டு வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நோயாளிகள் தங்கும் ஒரு விடுதிக்கு முந்நூறு செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

முந்நூறும் பெட்டியில் போட்டு முடிந்த வாரம், ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய அண்ணியிடமிருந்து போன் வந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்து நானும் கூடக் கிளம்பினேன்.

வீட்டில் அண்ணி ஈரப் போர்வையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பின்னாடி வாஷிங் மெஷின் ஓடிட்டிருந்துச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சு வந்து பார்த்தா கட்டிலெல்லாம் நனைஞ்சிருக்கு. மணியே அடிக்கல."

"அடிச்சேன்" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

சிக்கனம் பட்டனைத் தட்டினாள். மணி அடித்தது. பத்து முறை தட்டினாள், பத்து முறையும் அடித்தது. அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையே அண்ணனைப் பொய்யராக்கியது.

சிக்கனம் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "அண்ணா, இந்தப் பக்கம் திரும்புங்க. காலையில எப்படி அமுக்கினீங்களோ, அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அவர் கட்டை விரலை வைத்து அமுக்கினார். மணி ஒரு தடவை சிணுங்கி நின்றது. விரல் அப்படியே இருந்தது.

"கையை எடுக்கலியா?"

"எதுக்கு எடுக்கணும்? ஹாரன் அமுக்கிற வரைக்கும் அடிக்கும்ல? மெஷின் சத்தத்துல எனக்கு மணி கேக்கல. அடிச்சிட்டே இருக்குன்னு நெனச்சேன். கையை எடுத்தா நின்னுடுமேன்னு..."

நாற்பது நிமிஷம் விரலை எடுக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டப்பா முதல் நொடியிலேயே ஒரு மணியை அடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. பட்டன் கீழே போகிற அந்தக் கணத்துக்கு மட்டும் விழிக்கத்தான் அவள் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கீழே போனது கீழேயே இருந்தால், அதைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை.

அவள் கட்டிலை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் டொக்குனு தட்டிட்டு எடுத்துடுவேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஆயிரம் தடவை சோதிச்சேன். ஆயிரமும் என் விரல்." பிறகு அண்ணியிடம், "தப்பு என்னோடது அண்ணி. அவர் கூப்பிட்டுட்டேதான் இருந்திருக்கார்" என்றாள். அண்ணி போர்வையைக் கீழே போட்டுவிட்டு, போய், அண்ணனின் விரலைப் பட்டனிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

சாயங்காலமே முதலாளியிடம் போய் நின்றாள். மறுநாள் பெட்டிகளை ஏற்றிப் போக வண்டி வருவதாக இருந்தது.

"விடுதியில மாதிரிக்கு வச்சுப் பார்த்தவங்க ஒருத்தர்கூடக் குறை சொல்லலையேம்மா" என்றார் அவர்.

"வாய் விட்டுச் சொல்ல முடியாதவங்களுக்குத்தான் சார் செஞ்சிருக்கோம்."

"ரெண்டு வருஷம் ஓடும்னு அட்டையில அச்சடிச்சாச்சு."

"அதை அழிச்சிடலாம் சார்."

அவர் கோபப்பட்டார், யாருக்கோ போன் போட்டுக் கத்தினார், கடைசியில் வண்டியை நிறுத்தினார்.

திருத்தமும் ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. முதலில், விரல் இருக்கிறவரை சிப் தூங்கவே கூடாது என்று எழுதினாள். பட்டன் மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. தலையணை சரிந்து விழுந்தால்கூடப் போதும், பிறகு நிஜமாகக் கூப்பிடும்போது டப்பா ஊமையாகிவிடும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், சிப்பைத் தூங்கப் போகுமுன் விரல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னாள். இருந்தால் கோழித்தூக்கம், ஐந்து நொடிக்கொரு முறை எழுந்து மணி அடிக்கும். பத்து நிமிஷம் ஆகியும் விரல் எடுபடாவிட்டால், பேட்டரி தீராமலிருக்க, நிமிஷத்துக்கு ஒன்று. விரல் எடுத்தால்தான் ஆழ்ந்த தூக்கம். முந்நூறு பெட்டியையும் நாங்கள் பிரித்து மாற்றினோம்.

அண்ணன் வீட்டில் மாற்றிக் கட்டியபோது அவர் விரலை வைத்தார், எடுக்கவே இல்லை. சமையலறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "காது போச்சு, விடுங்களேன்!" என்று அண்ணி அங்கிருந்து கத்தினாள். அவர் இன்னும் இரண்டு மணி அடிக்க விட்டுத்தான் எடுத்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கருவி செய்தாலும் அவள் தன் கையால் மட்டும் சோதிப்பதில்லை. கூரியர்காரர், கூட்டிப் பெருக்கும் அம்மா என்று உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் டப்பாவை நீட்டி, "இதை அமுக்குங்க" என்பாள். எப்படி என்று சொல்லமாட்டாள், நின்று பார்ப்பாள். போன வாரம் வாட்ச்மேன் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன் வைத்திருந்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு முழங்கையால் அமுக்கினார். பட்டன் பாதிதான் இறங்கியது, மணி அடிக்கவில்லை. அவள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.