ஏழு டேக்கிலும் கை தட்டியது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இதில் வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. கேமரா பதிந்து வைத்தது. அந்தக் கோப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

பயந்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. மரத்துப்போனேன். பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் உதடு இருக்குமே, அப்படி. இன்றுவரை முழுதாக விடவில்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. இங்கிலாந்தில், லங்காஷயர் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். கல்லூரியில் ஊடகப் பாடத்துக்கு ஒரு செய்முறை வேலை கொடுத்திருந்தார்கள். இல்லாத ஒரு படத்துக்கு முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். பெயர்கள் ஓட வேண்டும், பார்க்கிறவன் அடுத்து என்ன என்று தவிக்க வேண்டும். அதற்குப் பிறகு படமே கிடையாது.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் ஹெட்டி, கேமரா. ரூபன், ஒலிப்பதிவு. டெக்லன், இயக்கமும் நடிப்பும்.

டெக்லனுக்கு இது இரண்டாவது தடவை. போன வருடம் தேறவில்லை. மான்செஸ்டரில் ஒரு திரைப்படக் கல்லூரி, இதில் 'சி' கிரேடு வாங்கினால் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. வாங்காவிட்டால் ஜனவரியில் அவன் மாமாவின் மீன் கொட்டகையில் வேலை. அவன் அம்மா ரப்பர் பூட்ஸைக்கூட வாங்கி வைத்துவிட்டாள். அதைச் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் நகத்தைக் கடிப்பான்.

திட்டம் போட்டதெல்லாம் சிப்ஸ் கடையில்தான். டெக்லனுக்குக் கார் துரத்தல் வேண்டும்.

"யார்கிட்டடா கார் இருக்கு?" என்றான் ரூபன்.

"உங்கப்பாகிட்ட."

"அது ரொட்டி வண்டிடா. பின்னாடி துரத்துறவன் பசியிலதான் வருவான்."

கடைசியில் மூடிக்கிடக்கும் நகராட்சி நீச்சல்குளம் என்று முடிவானது. ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாத குளத்தை நோக்கி நடக்கிறான். விளிம்பில் நிற்கிறான். படத்தின் பெயர் விழுகிறது. காட்சிகளை இருபத்து நாலு கட்டங்களில் வரைந்தோம். ஆபத்துப் படிவம் நிரப்பினோம். 'ஆபத்து: பன்னிரண்டடிப் பள்ளம். தடுக்கும் வழி: ஜாக்கிரதை' என்று டெக்லன் எழுதினான்.

2013 டிசம்பர் 12, வியாழன். மற்றக் காட்சிகளை முன்பே எடுத்துவிட்டோம். அந்த நீளமான நடை ஒன்றுதான் பாக்கி.

குளத்தின் சாவி மிஸஸ் ஆஸ்பினலிடம் இருந்தது. எழுபதை நெருங்கிய பெண்மணி. கட்டடத்தை இடிக்க விடாமல் காக்கும் சங்கத்தில் அவர்தான் எல்லாம். பழைய டிக்கெட் கூண்டுக்குள் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேரு கண்ணு?"

"மூணு பேர்."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தலையாட்டினார்.

"சரி. முடிச்சதும் டீ இருக்கு."

உள்ளே கண்ணாடிக் கூரை. மின்சாரம் கிடையாது. பேட்டரி விளக்கு இரண்டு. டிசம்பரில் எங்கள் ஊரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் அவசரப்பட்டோம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் படமும் ஒலியும் தனித்தனிக் கருவியில் பதியும். பிறகு இரண்டையும் பொருத்த, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒரு கட்டையை அடிப்பார்கள். கல்லூரியின் ஒரே கட்டையை வேறொரு குழு எடுத்துப்போய்விட்டது. கட்டை இல்லாவிட்டால் கையைத் தட்டினாலும் போதும். யார் தட்டுவது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. வகுப்பில் எப்போதும் சும்மா நிற்பவர் தட்டுவார்.

3:24. முதல் டேக். கேமராவின் சின்னத் திரையில் என் கண். இடப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் மங்கலாக வந்தன. ஒரு தட்டு. போய்விட்டன. டெக்லன் நடந்தான்.

"நடக்கச் சொன்னா சீமான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி போறான்," என்றான் ரூபன்.

3:31. இரண்டாவது. 3:37. மூன்றாவது.

நான்காவதில் எனக்குக் குளோரின் வாசனை வந்தது. அந்தக் குளத்தில் தண்ணீர் நின்று இருபது வருடம் இருக்கும். பழைய கட்டடம், ஓடுகளில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3:52. ஐந்தாவது. தட்டலில் ஈரச் சத்தம். லென்ஸில் ஒரு துளி தண்ணீர். கூரை ஒழுகுகிறது என்று துடைத்தேன். அன்று மழை இல்லை.

4:01. ஆறாவது. நான் "கேமரா ஓடுது" என்று சொல்வதற்குள் தட்டு விழுந்துவிட்டது.

"பொறுடா, அவசரக்குடுக்கை," என்றேன். டெக்லன் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டான்.

4:08. ஏழாவது.

தட்டு.

டெக்லன் நடந்தான். இந்தத் தடவை நன்றாக நடந்தான். விளிம்புக்கு மூன்றடி முன்னால் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தோம். அங்கே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

டேப்பைத் தாண்டினான். இன்னொரு அடி. இன்னொன்று...

இரண்டாவது தட்டு.

நின்றான். பாதத்தில் பாதி வெளியே இருந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காட்சி முடிந்த பிறகும் ஐந்து நொடி ஓடவிட வேண்டும் என்று சார் தொண்டை கிழியச் சொல்வார். நான் எப்போதும் முன்பே நிறுத்திவிடுவேன். அன்றும் நிறுத்தினேன். 4:09. கேமரா 'பீப்' என்றது.

அந்தச் சத்தத்துக்கு டெக்லன் திரும்பினான்.

"ரெண்டாவதா எவன்டா தட்டுனது?" என்றான். "நானே கண்ண மூடிட்டு ஒரு மாதிரி மிதப்புல போயிட்டிருந்தேன்."

ரூபன் தோளைக் குலுக்கினான். டெக்லன் குளிர்கிறது என்று டீ குடிக்க வெளியே போய்விட்டான். வெறும் அறையின் சத்தத்தை முப்பது நொடி பதிய வேண்டும் என்றான் ரூபன். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது தேவைப்படும்.

"அசையாத. மூச்சுகூட மெதுவா விடு." கண்ணை மூடிக்கொண்டான். கேட்கும்போது அவன் எப்போதும் கண்ணை மூடுவான்.

அவன் "போதும்" என்றபோது நான் வெள்ளை டேப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். குனிந்து அதை உரித்தேன். கேமராவை மடக்கி எடுத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தேன். ரூபன் வயரைச் சுருட்டிவிட்டு இரண்டு நிமிடம் கழித்து வந்தான்.

மிஸஸ் ஆஸ்பினல் கையிலிருந்தது போக, கூண்டுக்கு வெளியே நான்கு கோப்பைகளில் டீ ஊற்றியிருந்தது. ஒன்றை யாரும் தொடவில்லை. மிஸஸ் ஆஸ்பினல் அதை வாசலில் ஊற்றிவிட்டுப் பூட்டினார்.

டிசம்பர் 16, திங்கள். காலை 11:40. கல்லூரியில் படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொண்டிருந்தேன். வலது பக்கக் கணினியில் யாரோ சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். முதல் டேக்கை நிறுத்தி, தட்டு விழும் இடத்தைத் தேடினேன்.

கைகள்.

டெக்லன் தூரத்தில், முதுகைக் காட்டி நிற்கிறான். படத்திலேயே தெரிகிறது.

என் கை இரண்டும் கேமராவில்.

அப்படியானால் ரூபன். ஆனால் மைக் மாட்டிய நீளக் கழியை அவன் வலப்பக்கத்தில் நின்று பிடித்திருந்தான். இரண்டு கைகளாலும். அதை ஒரு கையால் பிடிக்க முடியாது.

அவனைக் கூப்பிட்டேன்.

"நீதானே தட்டுன?"

"நானா? நீதான்னு நெனச்சேன்."

பெரிதாக்கினேன். சின்னக் கைகள். ஒன்பது, பத்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது, வெகுநேரம் தண்ணீரில் ஊறினால் சுருங்குவது போல. இடது மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பட்டை, நீச்சல்குளத்தில் துணி வைக்கும் பெட்டிக்கு அடையாளமாகத் தருவது. அதில் 41 என்று எண்.

ஏழு டேக்கிலும் அதே கைகள்.

ரூபன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். அப்படியே நின்றான். நான் தட்டை ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெட்டாத காட்சிகளையும் ஆசிரியர் பார்க்க வேண்டும் என்பது விதி. பிரின்டில் சார் மறுநாள் பார்த்தார்.

"யாரு அந்தக் கை தட்டுற குழந்தை? பதினாறு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க கையெழுத்து வேணும். படிவம் இல்லாம நான் மார்க் போட முடியாது."

டெக்லன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

"அப்புறம் கடைசிக் காட்சி. பேரு விழறதுக்குள்ள வெட்டிட்டீங்க. இன்னும் அஞ்சு நொடி வேணும். இப்படியே விட்டா டெக்லன், உனக்கு 'சி' வராது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். திரும்பப் போய் எடுங்க."

"எடுத்துடறேன் சார்," என்றான் டெக்லன் உடனே.

சாவியைக் கேட்க அன்று மாலை நான்தான் போனேன். 3:45. மிஸஸ் ஆஸ்பினல் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். எந்தக் குழந்தையாவது உள்ளே வந்ததா என்று கேட்டேன். போனில் முதல் டேக்கைக் காட்டினேன்.

அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார்.

"எங்க ஜானிஸ்," என்றார். "நகம் கடிக்காதடின்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

நான் போனை மேசைமேல் வைத்தேன்.

"எழுபத்தாறாம் வருஷம் போயிட்டா. அந்த ஆழப் பக்கத்துலதான். நான் சாவிய வச்சுக்கிட்டு வேற எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கேன்னு நெனச்ச?"

படிவத்தை வாங்கி, பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஏன் தட்டுறா?" என்று கேட்டேன்.

"அது அவங்க விளையாட்டு கண்ணு. கண்ண மூடிக்கணும். பின்னாடி இவ நிப்பா. ஒரு தட்டுக்கு நட. ரெண்டாவதுக்கு நில்லு. மூணாவதுக்குக் குதி."

"மூணாவது தட்டலயே. அதுக்குள்ள டெக்லன் திரும்பிட்டான்."

"திரும்பிட்டா அவன் அவுட்டு." சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "அப்புறம் பின்னாடி நிக்கிறவங்க முறை. அவ யாரையும் விட்டதில்ல. எல்லாருக்கும் ஒரு முறை குடுத்துருவா."

"மிஸஸ் ஆஸ்பினல், அங்க தண்ணியே இல்லயே."

"ஆமா," என்றார். "அது அவளுக்குத் தெரியாது பாரு."

சாவியை நான் எடுக்கவில்லை.

டெக்லனிடம், கட்டடத்தை நகராட்சி பூட்டிவிட்டதாகப் பொய் சொன்னேன். சுவரை உதைத்தான். அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். இரவோடு இரவாக அந்தக் கடைசிப் படத்தை, அவன் விளிம்பில் நிற்பதை, அப்படியே ஐந்து நொடி உறைய வைத்தேன். அதன் மேல் பெயரைப் போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது. வேண்டுமென்றே செய்தது போல இருந்தது.

அவனுக்கு 'பி' கிடைத்தது. மான்செஸ்டர் போய்விட்டான். ரப்பர் பூட்ஸ் அவன் தம்பிக்குப் போனது.

இதோடு முடிந்தது என்று இருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஜூனில், ரூபன் பழைய ஒலிக் கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தான். ஒன்றை எனக்கு அனுப்பினான். 'அறைச் சத்தம், 30 நொடி.' கூடவே போனும் செய்தான்.

"இதுல என்னடி பண்ணிட்டிருந்த? அசையாதன்னு சொன்னேன்ல?"

போட்டுக் கேட்டேன்.

ஏழாவது நொடி. ஒரு தட்டு.

பிறகு காலடிகள். நிதானமாக. இடது பூட்ஸ் லேசாகக் கிறீச்சிடுகிறது. என் பூட்ஸ்.

இருபத்தாறாவது நொடி. இன்னொரு தட்டு.

காலடி நின்றது.

பிறகு ரூபனின் குரல். "போதும்."

கேமராவை விட்டு நான் நகர்ந்த ஞாபகமே எனக்கு இல்லை. டேப்பை உரித்துவிட்டுக் குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அதாவது, மூன்றாவது தட்டுக்கு முன்னால்.

குளத்தைப் பார்த்து நடந்தபோது எனக்குப் பின்னால் நின்றிருந்தவன் ரூபன்.

"கேட்டியா?" என்றான் போனில். "நீ குளிருக்குக் கைய தட்டிட்டு நடக்குறன்னு நெனச்சேன். கத்தலாம்னு பாத்தேன், பதிவு கெட்டுடும்னு விட்டுட்டேன். அப்புறமும் வயர் சுத்திட்டு இருக்கிறப்போ பின்னாலேருந்து ஒரு தடவ தட்டுனியே, சீக்கிரம் வாடான்னு. நான்கூட அந்தப் பக்கம் ரெண்டடி வச்சேன். அதுக்குள்ள டெக்லன் வெளியேருந்து டீ ஆறுதுன்னு கத்துனான்."

நான் அப்போது வாசலில் இருந்தேன். டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு. இரண்டு கைகளாலும்.

"ஹெட்டி, இருக்கியா?"

"இருக்கேன்."

"நீதானே தட்டுன?"

"ஆமா," என்றேன். "நான்தான்."

விளையாட்டின் விதியை இன்றுவரை நான் அவனிடம் சொல்லவில்லை.