கீழ் வீட்டுக்கு ஒரு மனு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரவணம்பட்டியில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் லிஃப்ட் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் வாட்ஸப் குழுவில் ஒரு போரே நடந்து முடிந்துவிட்டது. மெயின்டனன்ஸ் காசு எதற்கு வாங்குகிறீர்கள், என் நாயை எப்படிக் கீழே கூட்டிக்கொண்டு போவேன், வக்கீல் நோட்டீஸ் விடலாமா என்று ஆளாளுக்குப் பொங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டார். நானும் குழுவில் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. லிஃப்ட் நின்றதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் சரியானதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த மெக்கானிக் என்னைக் கடந்து படியிறங்கும்போது கிரீஸ் வாசனை அடித்தது. இரும்புத்தூளும் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. மற்றவர்களுக்கு அது அழுக்கு. எனக்கு அது அப்பா. பெயர் ரங்கசாமி. அப்பாவின் சொந்த ஊரான காரமடைப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு ரங்கசாமி மேல்தான் விழும் என்பதால் கம்பெனியில் 'லேத் ரங்கன்' என்று அடையாளம் வைத்திருந்தார்கள். பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அந்த வாசனை போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைச் சுளித்தபோது, என் நோட்டிலிருந்து வருகிறது என்று சமாளித்திருக்கிறேன். அவ்வளவு தைரியசாலி நான்.

அப்போது எங்கள் வீடு உக்கடத்தில், குளக்கரையில். சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். மழை வந்தால் சாக்கடை உள்ளே வரும், கொசு எல்லாக் காலத்திலும் வரும். அதைவிட்டுப் போக வேண்டும் என்று ஏங்கியவர்களில் நானும் ஒருத்திதான். பக்கத்து வீட்டில் ஜமீலா அக்கா. புருஷன் இறந்தபிறகு, மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுத்து இரண்டு பையன்களை வளர்த்தவர். மூத்தவன் அன்வர், இளையவன் யூசுப். நான் சொல்லும் காலத்தில் இரண்டு பேரும் அதே மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிற இளந்தாரிகள். எங்கள் வீட்டில் கிரீஸ் வாசனை, அவர்கள் வீட்டில் மீன் வாசனை. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு ஆணி ஏறியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். கம்பெனியில் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் குளக்கரையைச் சுத்தம் பண்ணப் போகிறோம், எல்லாரும் மாற்று வீட்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. நான் அப்போது கிராஸ்கட் ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் பில் போடுகிறவள். எங்கள் வரிசையிலேயே படித்தவள் என்று பெயர் வேறு. எல்லார் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். எங்களுடையதோடு மட்டும் தனியாக ஒரு மனு வைத்தேன்: அப்பாவுக்குக் கால் இல்லை, கீழ்த்தள வீடு வேண்டும். 'பணிவான வணக்கம்' என்று மேலேயும் போட்டேன், கீழேயும் போட்டேன். பணிவைக் கூட்டினால் மாடியைக் குறைப்பார்கள் என்று எப்படித்தான் நினைத்தேனோ.

வீடு ஒதுக்குகிற ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அம்மாவும் நானும் மனுவை நீட்டினோம். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், முகம் சுளிக்கவில்லை.

"விண்ணப்பதாரர் நேர்ல வரோணுமுங்க அம்மணி. கைரேகை வைக்கோணும்."

"அவருக்குக் காலில்லீங்க. அதுக்குத்தானுங்க இந்த மனுவே," என்றாள் அம்மா.

"புரியுதுங்க. ஆனா கீழ் ஊடு வேணுமின்னா அவர் மேல வந்தாத்தான் ஆகுமுங்க."

எங்கள் ஊரில் யாரும் யாரையும் மரியாதையில்லாமல் விரட்டமாட்டார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் ஒரு 'ங்க' இருக்கும். அம்மாவும் அப்படித்தான், தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க சாமி" என்று சொல்லுகிறவள். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அன்வரும் யூசுப்பும் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு பேரும் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். "சாமி ஊர்வலம் போறாப்பல இருக்குதுடா" என்று அப்பா சிரித்தார். நாற்காலிக் கை விரிசல் விட்ட சத்தம் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இரண்டு பேர் தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மேலே போய் நாற்காலியை இறக்கிவைத்ததும் அந்தக் கவுண்டர்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"அட, அதான் ரெண்டு மாடி ஏறி வந்துட்டீங்களே! அப்பறம் எதுக்குங்க கீழ் ஊடு?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததை என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கைரேகை வைக்க மிஷினில் விரலை அழுத்தினார். முதலில் பதியவில்லை. எத்தனையோ வருஷம் இரும்பு பிடித்த விரல், ரேகை தேய்ந்துபோயிருந்தது. நல்லவேளை, வேறு விரல் கேட்டார்கள். வேறு ஆளைக் கேட்கவில்லை.

குலுக்கல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரியவர்களுக்குப் பொன்னாடை, எங்களுக்கு டீயும் பன்னும். பிளாஸ்டிக் குடத்திலிருந்து சீட்டு எடுத்து எடுத்து வாசித்தார்கள். ஜமீலா அக்காவுக்குக் கீழ்த்தளம் விழுந்தது. எங்களுக்கு அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. மூன்று மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வைப்பது விதியில் இல்லையாம். அம்மா மேடைக்குப் பக்கத்தில் போய் மனுவைப் பற்றிக் கேட்டாள்.

"மனு தனி பைலுங்க, குலுக்கல் தனிங்க. சாமி குடுத்தாப்பல வந்திருக்குது, நாங்க என்ன பண்ணமுடியுமுங்க?"

சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்கள்.

ஊருக்கு வெளியே, பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு பொட்டல் காட்டில் அந்தக் கட்டடங்கள். சாமான் ஏற்றிய டெம்போ நின்றதும் பையன்கள் அப்பாவைத் தூக்கக் குனிந்தார்கள். ஜமீலா அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"டேய், அண்ணாவ எங்கடா தூக்கறீங்க? நம்ம சாமானத் தூக்கிட்டு மேல போங்கடா."

"ஏ ஜமீலா, அது உன்ற ஊடு. நீ முழங்கால் வலிங்கறே, எப்பிடி மேல ஏறுவே?" என்றாள் அம்மா.

"வலிச்சா என்னக்கா. எனக்கு முழங்கால் இருக்குதில்ல, அது போதும்."

எங்கள் சாமான் கீழே இறங்கியது, அவர்கள் சாமான் மேலே ஏறியது.

அந்தக் கீழ் வீட்டில் அப்பா ஒரு வருஷம் நன்றாக இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொள்வார். ஒருநாள் யாரோ ஒரு பெண்ணின் குக்கர் கைப்பிடியைச் சரிசெய்து கொடுத்தார். அவ்வளவுதான், அந்த வட்டாரத்துக் குக்கர் எல்லாம் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தன. மிக்சி, மோட்டார், பூட்டு என்று அப்பாவைச் சுற்றி எப்போதும் ஏதாவது திறந்து கிடக்கும். காசு கொடுத்தால் வாங்குவார். கொடுக்காதவர்களிடம் கீரை வாங்கிக்கொள்வார். கொஞ்சநாளில் வீட்டுக்குள் பழைய கிரீஸ் வாசனை திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் யாரிடமும் சமாளிக்கவில்லை.

பிறகு யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். கையில் எங்கள் படங்கள் ஏற்றிய டேப்லெட். வாசலில் நின்று முகத்தைப் பார்த்தார்கள், டேப்லெட்டைப் பார்த்தார்கள். "இந்த ஊடு வேற பேர்ல இருக்குதுங்களே" என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் இரண்டு குடும்பத்தையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உள்ளறையில் ஒரு இளைஞர். படித்தவர், பளிச்சென்று சட்டை. அம்மாவுக்கும் ஜமீலா அக்காவுக்கும் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒதுக்குன ஊட்டுல ஒதுக்குனவங்கதான் இருக்கோணுமுங்க. மாத்தி இருந்தா ரெண்டையும் ரத்து பண்ணோணும்."

"எனக்குக் கீழ் வீடு வேண்டாமுன்னு எழுதியே குடுத்தர்றேனுங்க சார்," என்றார் ஜமீலா அக்கா.

"எழுதிக் குடுத்தா உங்க ஊடு போயிருமுங்க. ஆனா இவங்களுக்கு வராது. அடுத்து காத்திருக்கறவங்களுக்குத்தான் போகும்." பைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க செஞ்சது தெரியாமச் செஞ்சதா இருக்கலாம். ஆனா ரூல்ஸ்படி இதுக்குப் பேரு மோசடிங்க."

மோசடிங்க! அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' ஒட்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா எழுந்தாள். அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"யார்றா மோசடி பண்ணுனது? எந்திரிச்சு வாடா. வந்து அந்த மனுசனத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுடா. ஏறிப்போட்டு அப்பறஞ் சொல்லுடா மோசடின்னு!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்தது பயமா, பெருமையா என்று தெரியவில்லை. அந்த இளைஞர் முகம் சிவக்க, ஆனாலும் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இப்படிப் பேசுனீங்கன்னா போலீசக் கூப்பிட வேண்டி வருமுங்க."

பழையபடி அவரவர் வீட்டுக்குப் போக ஆபீசில் கொடுத்த கெடு முடிவதற்குள் வீட்டை மாற்றிக்கொண்டோம். வேறு என்ன செய்ய? எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் போக வேறு இடமில்லை. அன்வர் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். வழியெல்லாம் ஏதோ சிரிப்புக்கதை சொல்லிக்கொண்டே ஏறினான். அப்பா சிரிக்கவில்லை.

மேலே போன பிறகு குக்கர் வருவது குறைந்தது. மூன்று மாடி ஏறிக் கைப்பிடி மாட்ட யாருக்குப் பொழுதிருக்கிறது? அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் லாரியை வேடிக்கை பார்த்தார். அது போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் ஜமீலா அக்கா குடும்பமும் போய்விட்டது. மீன் மார்க்கெட்டுக்கு விடியும் முன்னால் போயாக வேண்டும். அந்நேரத்துக்கு அங்கே ஏது பஸ்? கரும்புக்கடையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். போகும்போது, அண்ணாவைக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியை அம்மா கையில் திணித்துவிட்டுப் போனார் ஜமீலா அக்கா. அம்மா அந்தச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். நாங்கள் திறக்கவில்லை. திறந்தால் அவர்களுக்கிருந்த ஒரே வீடும் போய்விடும். எங்களுக்குக் கீழே அந்த வீடு பூட்டியே கிடந்தது. மேலே அப்பா இருந்தார். இதற்குப் பெயர் ரூல்ஸ்.

அப்பா ஒரு காலை நேரத்தில் இறந்தார். காப்பி கேட்டார். அம்மா ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அழுது தீர்க்கக்கூட விடாமல் ஒரு கேள்வி வந்து நின்றது: யார் தூக்கி இறக்குவது? குலுக்கலில் குளக்கரை ஆட்களை ஏழெட்டுக் கட்டடங்களுக்குச் சிதறடித்திருந்தார்கள். எங்கள் மாடியில் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நான் கதவு கதவாகத் தட்டினேன். ஒருவர் தலைவிரித்து நின்ற என்னைப் பார்த்து, வேலைக்கு நேரமாயிருச்சுங்க என்றார். இன்னொருவருக்கு இடுப்பில் பிடிப்பு. அம்மா படிக்கட்டு மேல் நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, ஆராச்சும் வாங்களே!"

வந்தவர்கள் வடநாட்டுப் பையன்கள். எதிர்க் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கி, கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சொன்னது புரியவில்லை, ஆனால் நடந்தது புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவைத் தூக்கி இறக்கினார்கள். அவர்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அன்வர் வந்தான். விஷயம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவே நேரமாகியிருந்தது. கட்டடத்தின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டித் தீர்த்தான். "ஏங்க்கா முன்னாடியே சொல்லல? நான் வந்து தூக்கியிருப்பேன்ல? குளக்கரையிலயே இருந்திருந்தா நீ சொல்லவா வேணும்?"

உண்மைதான். அங்கே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அப்பா இருமினால் அந்தப் பக்கம் ஜமீலா அக்கா, "சுடுதண்ணி வைக்கட்டாக்கா?" என்று கேட்பார். கொசு, சாக்கடை, குடிசை என்று அவர்கள் எழுதி வைத்த கணக்கில் அந்தச் சுவர் எங்கேயும் வரவில்லை. அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று எங்களுக்குமே அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்போது குளக்கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, புல் வளர்த்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஒரு மரத்தை அடையாளம் வைத்து, அங்கிருந்து கையால் அளந்துகொண்டே நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். "இங்கதான் அடுப்பு இருந்துச்சு," என்றாள். கொஞ்சம் தள்ளிக் காட்டி, "சுவரு இங்க." அங்கே வெறும் புல்.

காவலாளி விசிலடித்தார். "ஏனுங்கம்மா, புல்லு மேல நிக்கக்கூடாதுங்க!"

அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சுவர் இருந்த அந்த இடத்திலேயே, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.