வலது பர்னரில் குளவி

என் மகன் கூகட்பள்ளி அடுக்ககத்தின் பால்கனியில் ஒரு கேஸ் கிரில் வாங்கி நிறுத்தியிருக்கிறான். மாதம் ஒருமுறை நண்பர்கள் வந்து கோழியும் பன்னீரும் சுடுவார்கள். மற்ற நாட்களில் அது என் பொறுப்பு. மழைக்காலத்தில் உறையை மூடியே வைத்தால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். ஆகவே மழை விட்டதும் உறையைக் கழற்றிக் காயவைப்பேன். கம்பிகளுக்கு எண்ணெய் தடவுவேன். கடைசியாக நான்கு பர்னர் குழாய்களிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பூச்சி புகுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். போன வாரம் மூன்றாவது குழாயிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. உடனே சிலிண்டரை மூடினேன். மண்தானே, ஊதிவிடுங்கள் என்றான் மகன். அவனுக்கு என்ன தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. சனத்நகரில் தொழிற்சாலைக் குடியிருப்பில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான் என்று ஐந்து பேர். எங்கள் வரிசையில் முதல் கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அப்பா ஒரு விதி போட்டார்: இடது பர்னரில் சமைக்கலாம், வலது பர்னர் புதிதாகவே இருக்கும், விருந்தாளிக்கு மட்டும் அதைப் பற்றவைக்கலாம். அதற்குப் பழைய வேட்டியில் உறைகூடத் தைத்தாயிற்று. நான் இரண்டிலும் துளைகளை எண்ணினேன். பக்கத்துக்கு நாற்பத்தெட்டு. எண்ணாமல் எதையும் நம்பும் வழக்கம் எனக்கு அப்போதே இல்லை.

அடுப்பு மேடைக்கு மேலே ஜன்னல். மழை நாளில் சாரல் உள்ளே அடிக்கும். அதனால் ஞாயிறுதோறும் அப்பா அடுப்பைக் கழற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுவார். அந்த வருடம் மழை தொடங்கியதும் வலது பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குப் பெருமை.

ஒரு மத்தியானம், கறுப்புக் குளவி ஒன்று ஈரமண்ணைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியே வந்து, உறைக்கு அடியில் நுழைந்து, வலது பர்னரின் குழாய்க்குள் போவதைப் பார்த்தேன். விசிறியை ஓங்கினேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழுக்குள் அந்த ஊர் எட்டிப்பார்க்கும், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பாள்.

"நக்கோடா ராஜா. அது பாட்டுக்குக் கட்டட்டும். யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஆறு வருடம். ஊருக்குப் போனால் எல்லோரும் முதலில் அவள் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும், கூட்டைக் கலைக்கக் கூடாது என்பார்களே, அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சித்திக்குக் குளவி வளர்க்கும் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் சதுர்த்தியன்று அப்பாவின் அதிகாரி மனைவியோடு வருவதாக இருந்தது. இடது பர்னரில் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. வடைக்கு நேரமாகிவிட்டது. சித்தி கறிவேப்பிலைக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா உறையை ஒதுக்கிவிட்டு வலது பர்னரைத் திருகித் தீக்குச்சியை நீட்டினாள். மேலே ஒரு சுடர்கூட வரவில்லை. குனிந்து பார்த்தாள். அடுப்பின் அடியிலிருந்து, திருகு இருக்கும் பக்கமாக, நெருப்பு நாக்கை நீட்டியது. எண்ணெய் ஊறிய உறை குபீரென்று பிடித்துக்கொண்டது. அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அன்று நான் எதையும் எண்ணவில்லை.

சித்தப்பா ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். அப்பா குழாயைக் கழற்றி உடைந்த குடைக்கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். மண் கட்டி கட்டியாக விழுந்தது. கூடவே குளவி இரைக்குச் சேர்த்துவைத்த சில பச்சைப் புழுக்கள், வெள்ளையாக ஒரே ஒரு குளவிக் குஞ்சு. அப்பா ஒரு துகள் மிச்சமில்லாமல் சுரண்டினார்.

அப்போதுதான் சித்தி வந்தாள். புகையையோ அம்மாவின் கையையோ அவள் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அந்த மண்ணை முந்தானையில் அள்ளத் தொடங்கினாள்.

அம்மா தீப்பட்ட கையில் இட்லி மாவைப் பூசிக்கொண்டு நின்றாள். இப்போது சித்திக்கு விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா மண்ணைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"கேஸத்தான் மூடியாச்சே. கம்பிய எதுக்கு விட்டீங்க?"

அப்பாவைப் பார்த்து அம்மா குரலை உயர்த்தியது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். குடைக்கம்பியோடு அவர் விழித்தார். வாசலில் அதிகாரியும் மனைவியும் இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தார்கள். தீக்குக் காரணமானவளை விட்டுவிட்டு, சுத்தம் செய்தவரைத் திட்டுகிறாளே என்று எனக்குத் தீயைவிடப் பெரிய அதிர்ச்சி.

வலது பர்னர் அதன்பிறகு நாற்பத்தெட்டுத் துளையிலும் நீலமாக எரிந்தது. ஆனால் அந்த மழைக்காலம் முடியும்வரை, குளவி வந்த அடுக்களை ஜன்னலை அம்மா சாத்தவே இல்லை. சாரல் அடித்து அடுப்பின் ஓரமெல்லாம் துரு ஏறியது. நான் பதறி ஓடிப்போய்ச் சாத்துவேன். அம்மா தீத்தழும்பு ஏறிய கையால் மறுபடி திறந்துவைப்பாள்.