புளி போட்டுத் தேய்த்த மிஷின்

போன மாதம் என் மகன் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்து கூடத்து மேசைமேல் வைத்தான். மஸ்கட்டில் இருக்கும் தன் தங்கச்சியோடு அம்மா முகம் பார்த்துப் பேசட்டும் என்று எனக்காகச் சொன்னான். பள்ளிக்கூட வேலையை இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று டீச்சராக இருக்கும் மருமகளுக்காகவும் சொன்னான். திறந்தால் மேலே, கீழே, ஓரம் எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவள். தமிழ் என்றால் மளமளவென்று படித்துவிடுவேன். இங்கிலீஷில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் அடையாளம் தெரியும். அந்தத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆறு கறுப்புப் பொத்தான்கள்தான் கண்முன்னே வந்தன. கூடவே என் நாத்தனாரும் வந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் சோப்புத் தூள் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணி என்பேன். புருஷனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ராயபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். என்னை அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வாய்க்கு அந்தக் கம்பெனியே அடங்கும். எனக்கு நேர்மாறு. நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது. "இவளுக்கும் சேத்து நான்தான் பேசணும், அதான் என் தொண்டை இப்பிடி கட்டிக்கினு கீது" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் ஹார்பரில் வந்து இறங்கிய ஒரு மிஷினைப் பெட்டியோடு லாரியில் கொண்டுவந்து எங்கள் பகுதியில் வைத்தார்கள். பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டும் மிஷின் அது. முகத்தில் பச்சைத் தகடு, அதில் ஒரே அளவில் ஆறு கறுப்புப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயிண்டில் இங்கிலீஷ் வார்த்தை. அதை ஓட்டுவதற்கென்றே படித்த ஆபரேட்டர் ஒருவர் வந்தார். அவர் பொத்தானை அமுக்குவார். நான் அவருக்கு இடது பக்கம் நின்று ஒட்டி வரும் பாக்கெட்டை எடுத்து அடுக்குவேன். மூன்று மாதம் அவர் கையைப் பார்த்தபடியே நின்றேன். பேசாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

ஆயுத பூசை வந்தது. முதல் நாள் ஒவ்வொரு பகுதியும் தன் மிஷினைத் தானே சுத்தம் செய்ய வேண்டும். எந்தப் பகுதி மிஷின் பளபளப்பு என்று எங்களுக்குள் பெரிய போட்டி. தூள் கலக்கும் பகுதிப் பெண்கள் போன வருஷம் ஜெயித்துவிட்டு எங்களை ஒரு வருஷம் முழுக்கக் கிண்டல் செய்திருந்தார்கள். காய்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று போர்மேன் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் நாள் கிழமைக்கு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை யார் காய்ந்த துணியால் துடைப்பார்கள்? ஆளுக்கொரு புளி உருண்டையும் தேங்காய் நாரும் கொண்டுபோயிருந்தோம். சோப்புத் தூளுக்கு அங்கே பஞ்சமில்லை. பொறுமையாகச் செய்வாள் என்று முகத்தகட்டை எனக்குக் கொடுத்தார்கள்.

நான் பொறுமையாகத்தான் செய்தேன். எழுத்துகளின் இடுக்கில் தூள் அப்பிக்கொண்டிருந்தது. அதை எடுக்கிறேன் என்று புளியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். வெள்ளை கரைந்து கையில் வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று வார்த்தைகளில் பாதியைக் காணோம். அப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாதி போய்ப் பாதி நின்றால் அசிங்கமாக இருக்குமே என்று, மீதியையும் ஒரே சீராகத் தேய்த்து எடுத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தகடு முழுக்கச் சந்தனம் பூசி, ஆறு பொத்தானுக்கும் குங்குமப் பொட்டு வைத்து, பெரிய சாமந்தி மாலையாகப் பார்த்து மேலே போட்டேன். பூசையன்று எங்கள் மிஷின்தான் பளபளப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, மாலை விலகாமல் இருக்கிறதா என்று பார்த்தபடியே நின்றேன்.

மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து மிஷினை ஓட்ட வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போன ஆபரேட்டர் திரும்பி வர நாலு நாள் ஆகும். பெரிய விஷயமில்லை, எழுத்தைப் பார்த்துத் தானே ஓட்டிவிடுவதாகப் போர்மேன் சொல்லியிருந்தார். அவர் ராயபுரத்து வேதக்காரர். மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாதவர், எங்கள் பூசையிலும் பின்வரிசையில் கைகட்டி நிற்பார், நல்ல மனுஷர். மாலையை எடுத்தார், சந்தனத்தைத் துடைத்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாமா இது? மொட்ட அடிச்சி சந்தனம் தடவி வெச்சிக்கீறீங்க?"

தூள் கலக்கும் பகுதியிலிருந்து சிரிப்பு வந்தது. போர்மேன் சிரிக்கவில்லை. தப்பான பொத்தானை அமுக்கினால் சூட்டுப் பட்டை எரிந்துபோகும், அது கப்பலில் வர வேண்டிய சாமான், மேலே ஆபீசுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்து நின்றார். என் மூஞ்சியைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

"நான்தான் தேச்சேன். வூட்டுல வெளக்கு தேக்கறா மாரி தேச்சிட்டேன். இன்னா இப்போ?"

போர்மேன் அவரை வாட்ச்மேன் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார். இனி வேலைக்கு வரலாமா வேண்டாமா என்பதை ஆபீஸ் சொல்லும் என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது அண்ணி காதோடு சொன்னார், "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். கைப்பிள்ள வெச்சிக்கினு கீற நீ." அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தன. அவருடைய சம்பளத்தை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு எதுவும் இல்லை.

நான் அப்போதும் பேசவில்லை. பேச வரவில்லை என்பதுதான் உண்மை. அட்டைப்பெட்டிமேல் நம்பர் போடும் சாக்பீஸ் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மிஷின் முன்னால் போய் நின்றேன். ஆபரேட்டரின் கையை நினைத்துக்கொண்டேன். காலையில் வந்ததும் முதலில் எங்கே போகும், பாக்கெட் சிக்கினால் எங்கே தாவும், பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் எதைத் தொடும் என்று ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழும் எழுதினேன். ஓடு. நில்லு. சூடு. சூடு குறை. மெதுவா. ஆறாவதை அவர் அமுக்கி நான் பார்த்ததே இல்லை. அதன் கீழே 'தொடாதே' என்று எழுதினேன்.

போர்மேன் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். கடைசிக்கு வந்ததும், "தொடாதேன்னா இன்னாமா?" என்றார். நான் கையை மட்டும் ஆட்டினேன். "அவன் தொட்டதே இல்லியா?" தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு 'ஓடு' என்பதை அமுக்கினார். ஓடியது. 'நில்லு' என்றதும் நின்றது. ஐந்தையும் பார்த்துவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று ஆள் அனுப்பினார்.

அண்ணி வாட்ச்மேன் கொடுத்த பொரியை மென்றுகொண்டே வந்தார். "இன்னாமே எழுதி வெச்சிக்கீற?" என்று கேட்டார். நான் காதோடு படித்துச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டுக்கொண்டு மனப்பாடம் செய்துவிட்டார். சாயந்திரமே பெயிண்டரை வரவழைத்து, என் கோணல் எழுத்தின் மேலேயே வெள்ளைப் பெயிண்ட் ஓட்டிவிட்டார்கள். ஆபரேட்டர் ஊரிலிருந்து வந்து ஆறாவது பொத்தானின் முன்னால் வெகுநேரம் நின்றார். பாக்கெட் நகர்ந்து வரும் பட்டையைப் பின்பக்கம் ஓட்டும் பொத்தானாம் அது. மாற்றி எழுதவா என்று கேட்டதற்குப் போர்மேன் வேண்டாம் என்றுவிட்டார். தமிழில் எழுதியிருந்ததால் அடுத்த மாதத்திலிருந்து ஆபரேட்டர் வராத நாளில் நாங்களே மிஷினை ஓட்டினோம். அண்ணிதான் முதலில் ஓட்டினார்.

ஆனால் அண்ணியின் தலைமேல் பழி நின்றுவிட்டது. மொட்டையடிச்சம்மா என்ற பேர் அவர் வேலையை விட்டு நிற்கும்வரை போகவில்லை. சம்பள நாளில் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் பஸ்ஸில், நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா அண்ணி என்று கேட்டேன். "வுடுமே, பேரு நல்லாத்தான் கீது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான், இந்தத் தாளில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. திரையில் ஒரு மூலையில் பல்சக்கரம் படம் தெரிந்தது. பல்சக்கரம் என்றால் எனக்குப் பழக்கம். உள்ளே இருப்பதைத் திருப்புகிற இடம் அது. அமுக்கினேன். வரிசை வரிசையாக இங்கிலீஷ். அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் எழுத்து வரைந்த ஒரு குட்டிப் படம் இருந்தது. அமுக்கினேன். ஊரில் உள்ள பாஷையெல்லாம் அதனதன் எழுத்திலேயே பட்டியலாக இறங்கியது. தெலுங்கு எழுத்துக்குப் பக்கத்தில் 'தமிழ்' என்று இருந்தது. கூட்டத்தில் நம் வீட்டு ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அமுக்கினேன். ஒரு கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. நீலமாக ஒரு பொத்தான் வந்தது, அதையும் அமுக்கினேன். திரை இருண்டுபோயிற்று. அந்த ஒரு நிமிஷம் புளிக் கையோடு நின்ற மாதிரிதான் நின்றேன். பிறகு வெளிச்சம் வந்தது, 'வரவேற்கிறோம்' என்று தமிழில் வந்தது.

சாயந்திரம் மருமகள் வந்து திறந்தாள். அவள் பம்பாயில் வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத்தான் திணறுவாள். நாளைக்குப் பரீட்சை, கேள்வித்தாள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்று பதறினாள். யார் இதை மாற்றியது என்று கேட்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த என் முகத்தைப் பார்த்த மகன், காலையில் அவசரத்தில் நான்தான் எதையோ அமுக்கிவிட்டேன் போல என்று ஆரம்பித்தான்.

நான் அவனை முடிக்க விடவில்லை. கூடத்துக்கு வந்தேன்.

"அவன் இல்லம்மா. நான்தான் மாத்துனேன்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. மருமகளுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு. "நீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்போ நீங்களே உட்கார்ந்து எது எதுன்னு படிச்சுச் சொல்லுங்க, கேள்வித்தாளைக் கண்டுபிடிப்போம்."

உட்கார்ந்தேன். மேலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே படித்தேன்.