அரைப்புள்ளிப் புன்னகை

இங்கே நான் எழுதுபவை, செய்தியோ அழைப்போ வந்த அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தவை மட்டுமே. என் கைப்பேசியில் பழைய செய்தியை அழித்தால்தான் புதியது வரும்; ஆகவே படியெடுத்தேன். பொறாமை கொண்டவனின் நினைவு தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், ஏட்டில் இல்லாததை விட்டுவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் நான் பெரம்பலூரில் தமிழாசிரியன். அரியலூரில் ஒரு பெண்ணை எனக்கு மணம் பேசி முடித்திருந்தனர். அவர் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி தந்தையுடையது. மாலையில் அது தம் கைக்கு வரும்போது, தமிழை ஆங்கில எழுத்துகளில் கோத்து எனக்கு எழுதுவார். ஒரு நாள், "சாப்டீங்களா" என்பதன் பின் ஒரு முக்காற்புள்ளி (:), ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி. திறக்காத அடைப்பை மூடியிருந்தார். பணிவாகவே திருத்தி அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஐயோ, அது சிரிக்கிற மூஞ்சிங்க! தலையச் சாச்சிப் பாருங்க."

"யார் சொல்லிக்குடுத்தது?"

"அத்தான்தான். மெட்ராஸ்லேருந்து மெயில் போடுவாரு. பிரவுசிங் சென்டர் போயி பாப்பேன், வெதவெதமா வரும்."

அத்தான் என்றால் அத்தை மகன். கணினி வேலையில் இருந்தவர். சாதகம் பொருந்தியிருந்தால் என் இடத்தில் நின்றிருக்க வேண்டியவர். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். முகம் தெரிந்தது. அது அந்த அத்தானின் முகமாகவே தெரிந்தது.

அத்தான் இட்ட குறியையே நானும் இடுவது இழுக்கு என்று பட்டது. இலக்கணத்தை நாடினேன். முக்காற்புள்ளிக்கு மூன்று மாத்திரை, அரைப்புள்ளிக்கு (;) இரண்டு; எனவே அரைப்புள்ளியை இட்டால் அடக்கமான புன்னகை அமையும். மறுநாள் நலம் கேட்டு எழுதி, முடிவில் அரைப்புள்ளியும் கோடும் அடைப்பும் இட்டு அனுப்பினேன்.

அழைப்பு வந்தது. எதிர்முனையில் சிரிப்பு அடங்கவே சற்று நேரமாயிற்று.

"என்னங்க வாத்தியாரே, கண்ணடிக்கிறீங்க? போன் அப்பாகிட்ட இருந்துச்சு. 'மாப்ள என்னமோ புள்ளி கோடெல்லாம் வச்சிருக்காரு, பரீட்சைக் கேள்வியான்னு பாரு'ன்னு குடுத்துட்டுப் போறாரு!"

நானும் சிரித்துவைத்தேன். அடுத்த நாள் பேருந்து நிலையத்தருகே இருந்த பிரவுசிங் சென்டரில் அமர்ந்து தேடினேன். நீண்ட பட்டியல் ஒன்று கிடைத்தது: சிரிப்பு, அழுகை, நாக்கு நீட்டல், முத்தம். அரைப்புள்ளிக்கு நேரே கண்ணடிப்பு என்றுதான் இருந்தது. முழுவதையும் படியெடுத்தேன். முத்தம் இருந்த வரியில் பேனா நின்றது. 'வெதவெதமா' என்ற சொல்லை ஒவ்வொரு வரியோடும் பொருத்திப் பார்த்தேன்.

பின்னர் எங்கள் திருமணம் நடந்தது. அத்தான் பந்தியில் என்னருகே அமர்ந்து உண்டார், கண்ணியமாகவே பேசினார். அவருடைய மடல்களைக் காட்ட என் மனைவி மறுத்ததில்லை, நான் கேட்டதில்லை. அரைப்புள்ளி கண்ணடிக்கும் என்பது என் மனைவிக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்குத் தெரியாது.